இணையக் கருவிகளும் பள்ளி ஆசிரியரும்

(மும்பை மாட்டுங்காவில் பள்ளி ஆசிரியர்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)

மாட்டுங்காவில் தமிழர் வாழ்வு வேரூன்றியதில் தட்டெழுத்துப் பொறிக்கு ஒரு பங்கு உண்டு. 1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோயைத் தொடர்ந்து, 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பெற்றது. நெரிசல் மிகுந்த பழைய நகருக்கு வடக்கே தாதர், மாட்டுங்கா பகுதிகளில் புதிய குடியிருப்புகள் எழ அது வழி வகுத்தது. அங்கு வந்து தங்கிய தென்னிந்திய இளைஞர் பலர் சுருக்கெழுத்தும் தட்டெழுத்தும் கற்றுத் தேறியவர்கள். ரயில்வேயிலும் வணிக நிறுவனங்களிலும் அரசு அலுவலகங்களிலும் அவர்களுக்கு இடம் கிடைத்தது. இத்தகைய குடும்பங்களின் கல்வித் தேவையை முன்னிட்டே 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் இங்குத் தோன்றியது.

தட்டெழுத்துப் பொறி எளிதில் கைவரும் கருவியன்று. விசைகளைப் பாராமல் பத்து விரல்களாலும் அடிக்கப் பழகுவதற்கு மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். ஆயினும் அந்தத் தலைமுறையினர் அதை விரும்பிக் கற்றனர். கற்றால் வேலை உண்டு என்பது கண்கூடு. பயிற்சிக்கென்று நாள்தோறும் ஒரு மணி நேரம் தனியே ஒதுக்கப்பட்டிருந்தது. ஓரிரு மாதங்கள் முன்னதாகச் சேர்ந்த ஒருவர் பக்கத்து இருக்கையில் இருந்தார். அடித்தது பிழையானால், தாளை உருவி எறிந்துவிட்டு மறு தாளைச் செருகலாம். அதை எவரும் குறிப்பேட்டில் பதிவதில்லை.

இன்று பள்ளி ஆசிரியர்கள் இணையக் கருவிகளை வகுப்பறையில் பயன்படுத்தத் தயங்குகிறார்கள் என்ற குறை கல்வி அலுவலகங்களில் அடிக்கடி கேட்கிறது. அவர்களை எவ்வாறு ஊக்குவிப்பது என்பது கூட்டங்களில் நிலையான பொருளாகிவிட்டது. தட்டெழுத்து மாணவருக்குக் கிடைத்த இந்த நான்கில் எவை இன்றைய ஆசிரியருக்குக் கிடைக்கின்றன என்று முதலில் கேட்பது பொருத்தமாகும்.

பழைய சோதனைகள்

வகுப்பறைக்குப் புதிய கருவி வருவது இந்தியாவிற்குப் புதிதன்று. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளின் துணையுடன், ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களில் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை நடைபெற்றது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாலையில் ஊர் மக்களுக்கும் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. அச்சோதனையின்போது ஏறத்தாழ 50,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பித்தலில் பயிற்சி அளிக்கப்பட்டது. தொலைக்காட்சி நிகழ்ச்சியோடு அது நிற்கவில்லை. வானொலியும், அச்சிட்ட குறிப்புகளும், கைப்பட செய்து பார்க்கும் செயல்களும், கலந்துரையாடலும் அதில் இணைந்திருந்தன. திரையில் கண்டதை ஆசிரியர் அன்றே தம் கையால் செய்து பார்த்தார். அந்தப் பயிற்சி இன்றும் நினைக்கப்படுவதற்கு இந்த ஏற்பாடே காரணம் எனலாம்.

இதற்கு மாறான நிகழ்வும் உண்டு. 1984-85இல் சுமார் 250 பள்ளிகளில் கணிப்பொறி அறிமுகத் திட்டம் தொடங்கியபோது பிரிட்டனில் உருவான பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகள் தருவிக்கப்பட்டன. அவற்றோடு வந்த பாட நிரல்களின் மொழி ஆங்கிலம்; பாடப்பொருளும் பெரும்பாலும் அந்நாட்டுக்குரியது. பொறி ஒரு தனி அறையில் இருந்தது. கணக்கு ஆசிரியரின் பாடத்திற்கும் அந்த அறைக்கும் தொடர்பு ஏற்படவில்லை. பொறியைக் கண்டு பிள்ளைகள் மகிழ்ந்தனர் என்பது உண்மையே. ஆனால் வகுப்பறையில் நடைபெற்ற கற்பித்தல் முன்பு இருந்தவாறே இருந்தது.

வெளிநாட்டிலும் இத்தகைய நிகழ்வு இல்லாமலில்லை. தென்னமெரிக்காவின் பெரு நாடு, பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற கொள்கையின்படி லட்சக்கணக்கான கருவிகளை வழங்கிற்று. 2012இல் வெளியான ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் மாணவரின் தேர்ச்சி அதனால் உயர்ந்ததற்குச் சான்றில்லை என்று கூறியது.

மும்பை மாநகராட்சியும் இவ்வழியில் முனைந்து செயற்பட்டுள்ளது. ஒரு நிலையத்திலிருந்து ஆசிரியர் ஒருவர் கற்பிக்க, பல பள்ளிகளின் மாணவர் ஒரே நேரத்தில் கண்டும் கேட்டும் ஐயம் வினவவும் வாய்ப்பளிக்கும் மெய்நிகர் வகுப்பறைத் திட்டம் 2011இல் தொடங்கியது. 2015இல் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குப் பாடநூல்கள் ஏற்றப்பட்ட கைக்கணினிகள் வழங்கப்பட்டன. புத்தகச் சுமை குறைந்தது நன்மையே. ஆயினும் 2018இல் எட்டாம் வகுப்புப் பாடத்திட்டம் மாறியபோது, கருவியில் ஏற்றிய பாடத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று. அச்சிட்ட புத்தகம் பழையதானால் அதைப் புரட்டிப் பயன்கொள்ளும் வழி ஆசிரியருக்குத் தெரியும். பூட்டிய கருவிக்குள் இருக்கும் பாடத்தில் அவர் கை வைக்க இயலாது. ஆசிரியர் தம் விருப்பப்படி மாற்ற இயலாத கருவி அலமாரியில் போய் அமர்வதில் வியப்பில்லை.

கணக்கேட்டின் வடிவில் வந்த இணையம்

தயக்கத்திற்கு மற்றொரு காரணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பெரும்பாலான அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்களை இணையம் முதன்முதலில் வந்தடைந்தது கற்பித்தல் துணையாக அன்று. கணக்கேடாகவே அது வந்தது. மாணவர் விவரம், வருகைப் பதிவு, மதிய உணவு உண்டோர் தொகை, உதவித்தொகைப் படிவம், பள்ளிப் புள்ளிவிவரம் ஆகியவை ஒவ்வொன்றாக இணையத்திற்கு மாறின. மகாராஷ்டிரத்தில் மாணவர் விவரங்களைத் தொகுக்கும் 'சரல்' என்னும் முறை 2015இல் வந்தது. இவை தேவையற்றவை என்று எவரும் சொல்ல மாட்டார்கள். எத்தனை பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கின்றனர் என்பது தெரியாமல் திட்டமிட முடியாது.

ஆனால் இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆசிரியரின் சொந்தக் கைப்பேசி, சொந்தச் செலவு, பள்ளி முடிந்த பிந்தைய நேரம் ஆகியவை இதற்குச் செலவாயின. இணையம் என்றால் மேலிடத்திற்கு விவரம் அனுப்பும் வாயில் என்ற எண்ணம் அவர் மனத்தில் படிந்தது. அதே கைப்பேசியில் கற்பித்தலுக்குரிய செயலி ஒன்றும் சேரும்போது, அதையும் அவர் மற்றொரு படிவமாகவே காண்கிறார். எத்தனை ஆசிரியர்கள் செயலியைப் பதிவிறக்கினர், எத்தனை பேர் பயிற்சியை முடித்தனர் என்று அலுவலகம் எண்ணத் தொடங்கியவுடன் அந்த ஐயம் உறுதிப்படுகிறது. பதிவிறக்கிய எண்ணிக்கை உயரலாம். அதனால் ஒரு பிள்ளைக்கும் பின்னம் விளங்கியதாகப் பொருளில்லை.

கல்வி உரிமைச் சட்டம் (2009) மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியன தவிர்ந்த பிற பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என்கிறது. 2020இல் வெளியான தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரப் பணியிடைப் பயிற்சியை வற்புறுத்துகிறது. இந்த 50 மணி நேரம் ஆசிரியரின் எந்த நேரத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே பயிற்சியின் மதிப்பு அமையும். பள்ளி நேர அட்டவணையில் அதற்கு இடம் இருந்தால் அது பயிற்சி. வீட்டுக்குச் சென்று இரவு பத்து மணிக்குக் காணொலியை ஓடவிட்டுச் சான்றிதழ் பெறுவதாக இருந்தால், அதற்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கும்.

தாராவியில் 2020

2020 மார்ச் நடுவில் பள்ளிகள் மூடப்பட்டன. ஏப்ரல் முதல் நாள் தாராவியில் கொரோனா நோய்த்தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில் பல லட்சம் மக்கள் வாழும் இடம் அது. தோல் பதனிடும் தொழிலை நாடி நெல்லைச் சீமையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் அங்கு ஏராளம். மாட்டுங்காத் தொழிலாளர் முகாம் என வழங்கும் குடியிருப்பும் தாராவியைச் சேர்ந்ததே. ஒரே அறையில் ஐந்தாறு பேர் வாழும் வீடுகளில், ஒரு கைப்பேசி இருந்தால் அது பெரும்பாலும் தந்தையுடையது. அவர் வேலைக்குச் சென்றால் பள்ளியும் அவருடன் சென்றுவிடும். பல குடும்பங்கள் சொந்த ஊர் திரும்பின. வருகைப் பதிவேட்டில் தாராவிப் பிள்ளையாக இருந்தவர் தாமிரபரணிக் கரையிலிருந்து பாடம் கேட்க வேண்டிய நிலை.

நேரலை வகுப்புக்குரிய மென்பொருள்கள் அப்போது பல இருந்தன. ஆயினும் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்த ஆசிரியர்கள் நாடு முழுவதும் கையிலெடுத்தது வாட்ஸ்அப்பையே. காரணம் எளிது. குறித்த நேரத்தில் பிள்ளை திரையின் முன் அமர வேண்டியதில்லை. தந்தை இரவு வீடு திரும்பியபின் ஆசிரியரின் குரலை ஓடவிட்டுக் கேட்கலாம். விளங்காவிடில் மறுபடி கேட்கலாம். இணைப்பு வலுவற்ற இடத்திலும் அது போய்ச் சேரும். நோட்டில் எழுதிய விடையைப் படம் பிடித்து அனுப்பலாம். பெரிய பயிற்சி எதுவுமின்றி, தம் வகுப்புப் பிள்ளையின் வீடு எத்தகையது என்னும் அறிவைக் கொண்டே அவர்கள் கருவியைத் தேர்ந்தனர். ஆசிரியர் புதுமைக்கு எதிரானவர் என்ற கூற்று அந்த ஈராண்டுகளுடன் முடிவுக்கு வந்திருக்க வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. கைப்பேசி இல்லாத பிள்ளை எந்தக் குரலையும் கேட்கவில்லை. இந்திய ஊரகங்களில் நடத்தப்பட்ட 'அசர்' கணக்கெடுப்பின்படி, பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளின் வீடுகளில் திறன்பேசி உள்ளவை 2018இல் 36.5 சதவீதமாக இருந்து 2020இல் 61.8 சதவீதமாக உயர்ந்தன. ஈராண்டில் இத்தகைய உயர்வு பெரிதுதான். எனினும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பிள்ளைகள் அப்போதும் வெளியே நின்றனர். மும்பையில் எட்டாம் வகுப்பு முதல் பயில்வோருக்கு 2021 அக்டோபரிலும், தொடக்க வகுப்பினருக்கு அவ்வாண்டு டிசம்பரிலுமே பள்ளிகள் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை வகுப்பறையைக் காணாமலே இரண்டாம் வகுப்பு மாணவராகிவிட்டார்.

தமிழ்வழி ஆசிரியரின் தனிச் சிக்கல்

மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. இந்தியாவின் வேறெந்த மாநகரிலும் எளிதில் காணவியலாத ஏற்பாடு இது. இங்குத் தமிழ்வழியில் கற்பிக்கும் ஆசிரியரின் நிலை தனித்தன்மை உடையது. வகுப்புக்கு வெளியே பிள்ளை கேட்பது மராத்தியும் இந்தியும். கடைப்பலகையில் படிப்பதும் அவையே. தமிழில் கூடுதலாகப் படிக்கவும் கேட்கவும் ஒரு வாயில் வேண்டுமெனில் அதை இணையமே எளிதில் தர முடியும். ஆகவே சென்னை ஆசிரியரைவிட மும்பைத் தமிழாசிரியருக்கே இக்கருவிகளின் தேவை மிகுதி.

தமிழில் பாடப்பொருள் இல்லாமலும் இல்லை. 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட 'திக்ஷா' தளத்தில் தமிழ்நாட்டின் பாடங்கள் உள்ளன. 2018இல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் இடம்பெற்றன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. ஆனால் அவை யாவும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைத் தழுவியவை. மும்பைத் தமிழ்ப் பிள்ளை படிப்பது மகாராஷ்டிரப் பாடத்திட்டம். நான்காம் வகுப்பில் அவருக்குரிய வரலாறு சத்திரபதி சிவாஜியின் வரலாறு. தமிழ்நாட்டு நான்காம் வகுப்புப் பாடம் அவ்வாறு அமைந்ததன்று. மொழி அங்கே இருக்கிறது. பாடம் இங்கே இருக்கிறது. இரண்டையும் இணைத்துத் தைப்பவர் ஆசிரியர் ஒருவரே. எந்த நிறுவனமும் சில பள்ளிகளுக்காக இத்தையலைச் செய்து தர முன்வருவது அரிது.

இதில் தட்டச்சும் ஒரு தடையாக இருந்தது. மாட்டுங்காவின் பழைய தட்டெழுத்தாளர் விரல்கள் பழகியது ஆங்கில விசைகளில். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா தமிழுக்கென விசைப்பலகை ஒன்றை வகுத்திருந்த போதிலும், வேலை தந்தது ஆங்கிலமே. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி 'தமிழ் 99' விசைப்பலகை வந்தது. பின்னர் ஒருங்குறி பரவியது. ஒரு கணிப்பொறியில் அடித்தது மற்றொன்றில் கட்டங்களாகத் தோன்றிய காலம் மறைந்தது. இன்று பேசினால் எழுத்தாக மாறும் வசதி கைப்பேசியிலேயே உள்ளது. பத்து வினாக்கள் கொண்ட தேர்வுத்தாளைத் தமிழில் ஆயத்தம் செய்ய இப்போது ஒரு மாலைப்பொழுது முழுவதும் தேவையில்லை. ஆசிரியருக்கு முதலில் காட்ட வேண்டிய பயன் இதுபோன்றதே. அவருடைய வேலையில் அரை மணி நேரத்தைக் குறைக்கும் கருவியை அவர் தாமே நாடி வருவார்.

பக்கத்து இருக்கையில் ஒருவர்

கேரளத்தில் 2001இல் தொடங்கிய பள்ளித் தகவல் தொழில்நுட்பத் திட்டம் இங்குக் கருதத்தக்கது. அங்குப் பயிற்சி தந்தவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களே. பள்ளியில் பணியாற்றும் ஆசிரியர் ஒருவரே தகவல் தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்றார். கட்டணமற்ற கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்ததால், உரிமத்திற்குச் செலவிடாமல் மலையாளத்திற்கும் பாடத்திற்கும் ஏற்றவாறு அதைத் திருத்திக்கொள்ள முடிந்தது. 2018இல் எட்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான 45,000 வகுப்பறைகளுக்குக் கருவிகள் வழங்கும் திட்டம் தொடங்கியது. அதற்கு முன்பே பல ஆண்டுகள் ஆசிரியர்கள் பழகியிருந்தனர் என்பதைக் கவனிக்க வேண்டும். பெருஞ்செலவு பின்னால் வந்தது. பழக்கம் முன்னால் நடந்தது. பிற இடங்களில் இவ்வரிசை தலைகீழாக இருப்பதைக் காணலாம்.

மகாராஷ்டிரத்திலேயே சோலாப்பூர் மாவட்டத்துப் பரிதேவாடி என்னும் சிற்றூரின் ஜில்லா பரிஷத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ரஞ்சித்சிங் திசலே, 2020 டிசம்பரில் உலக ஆசிரியர் பரிசைப் பெற்றார். பரிசின் பெயரைவிட அவர் செய்தது என்ன என்பதே இங்கு முக்கியம். அப்பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுமொழி கன்னடம். பாடநூலோ வேறு மொழியில். அவர் கன்னடத்தைக் கற்று, பாடங்களை அம்மொழியில் பெயர்த்து, ஒலியும் ஒளியுமாகச் சேர்த்து, கியூ.ஆர். குறியீடுகளால் பாடநூலின் பக்கங்களோடு பிணைத்தார். பின்னர் அம்முறையை மாநிலமே பாடநூல்களில் ஏற்றுக்கொண்டது. பிள்ளையின் மொழிக்கும் பாடநூலின் மொழிக்கும் இடையே இருந்த இடைவெளியை ஓர் ஆசிரியர் தம் கையால் நிரப்பியதே அவர் செய்த பணி. மும்பைத் தமிழாசிரியருக்கு இது மிக அருகிலுள்ள முன்மாதிரி. ஆனால் ஒவ்வொரு பள்ளியும் ஒரு திசலேக்குக் காத்திருக்க முடியாது. அவர் தனியே செய்ததைப் பத்து ஆசிரியர்கள் பங்கிட்டுச் செய்வதற்குரிய ஏற்பாடே தேவை.

இயன்ற செயல்கள்

கருவிகளின் நிலை மெல்ல மேம்பட்டு வருகிறது. 2023-24இல் நாட்டின் பள்ளிகளில் 53.9 சதவீதத்தில் இணைய வசதி இருந்தது; 2024-25இல் அது 63.5 சதவீதமாயிற்று. எஞ்சிய பள்ளிகளுக்கு இன்னும் வழி திறக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. வசதி வந்துவிட்ட பள்ளிகளில் தலைமையாசிரியரும் மேற்பார்வை அலுவலரும் செய்யக்கூடியவை சில உண்டு. அவற்றுக்குப் பெரும் நிதி வேண்டியதில்லை.

வாரத்தில் ஒரு பாடவேளையை ஆசிரியர்கள் ஒன்றுகூடுவதற்கென்று நேர அட்டவணையிலேயே குறித்துவிடலாம். அந்நேரத்தில் எந்தப் படிவமும் கேட்கலாகாது. வகுப்பில் ஒரு கருவியைப் பயன்படுத்தி அது சரிவர அமையாமல் போனால், ஆசிரியர் அதை அஞ்சாமல் சக ஆசிரியரிடம் சொல்ல முடிய வேண்டும். ஆய்வு அதிகாரி வகுப்புக்குள் நுழையும் வேளையில் இணைப்பு அறுந்துபோனால், அதை ஆசிரியரின் குறையாக எழுதலாகாது. கரும்பலகையைக் கொண்டே நன்றாகக் கற்பிக்கும் ஆசிரியரை, திரை இல்லாத காரணத்தால் பின்தங்கியவர் என்று மதிப்பிடுவதும் முறையன்று. கரும்பலகை மின்சாரம் கேட்பதில்லை, பழுதாவதில்லை, எந்தப் பாடத்திற்கும் ஒத்துவருகிறது. புதிய கருவி அதனோடு போட்டியிட்டு வெல்ல வேண்டும், ஆணையினால் அன்று.

தமிழ்ப் பள்ளிகளைப் பொறுத்தவரை தொடங்குவதற்கு எளிய இடம் கணக்கும் அறிவியலும். பின்னம், கோணம், தாவரத்தின் பாகங்கள், மின்சுற்று ஆகியவை மாநில எல்லையில் மாறுவதில்லை. தமிழ்நாட்டுக் காணொலிகளுள் மகாராஷ்டிரப் பாடநூலின் எந்தப் பக்கத்திற்கு எது பொருந்தும், எத்தனையாவது நிமிடத்திலிருந்து காட்டலாம், எந்தக் கலைச்சொல் இங்கு வேறாக வழங்குகிறது என்று ஒரு பட்டியல் ஆயத்தமானால் பெரும்பகுதி வேலை முடிந்தது. வகுப்புக்கு இருவர் பொறுப்பேற்றால், ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் எண்மர் போதும். மகாராஷ்டிரப் பள்ளிகள் ஜூன் நடுவில் திறக்கின்றன. அதற்கு முன் முதல் பருவத்திற்குரிய பட்டியல் மட்டும் முடிந்தாலே போதும்; மற்றவை ஆண்டினூடே வளரும். தாராவியில் ஒருவர் குறித்துவைத்தது செம்பூரில் கற்பிப்பவருக்கும் அப்படியே பயன்படும். இரு இடத்துப் பிள்ளைகளும் திறப்பது ஒரே பாடநூல்.